பெட்டியில் வந்த தொலைநோக்கி: கலிலியோஸ்கோப் கொடைத் திட்டம் – ஒரு நிகழ்வு ஆய்வு

பள்ளிகளுக்குத் தொலைநோக்கி வாங்கித் தர விரும்பும் நல்ல மனிதர்கள் எல்லா ஊர்களிலும் இருக்கிறார்கள். பணம் திரட்டுகிறார்கள், கருவி வாங்குகிறார்கள், விழா எடுத்துத் தலைமையாசிரியரிடம் ஒப்படைக்கிறார்கள். ஓராண்டு கழித்து, அந்தக் கருவியில் கண் வைத்து நிலவைப் பார்த்த பிள்ளைகள் எத்தனை பேர் என்று கேட்டால் பெரும்பாலும் பதில் கிடைப்பதில்லை. அந்தக் கேள்வியைக் கையில் வைத்துக்கொண்டு, தொலைநோக்கிப் பாகங்களைப் பெட்டியாகக் கட்டி உலகமெங்கும் அனுப்பிய கலிலியோஸ்கோப் திட்டத்தை இங்கே ஆராய்கிறேன். என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அந்தத் திட்டத்தில் கருவியை வடிவமைத்தவர்கள் ஏறக்குறைய எல்லாவற்றையும் சரியாகச் செய்தார்கள். ஆனால் கருவி மட்டும் போய்ச் சேர்ந்த இடங்களைவிட, ஆசிரியரின் நேரத்துக்கும் சேர்த்துப் பணம் ஒதுக்கிய இடங்களில்தான் கொடை முழுமை அடைந்தது.

எங்கிருந்து தொடங்கியது

கலிலியோ 1609இல் தொலைநோக்கியை வானத்தை நோக்கித் திருப்பினார். அதன் 400ஆம் ஆண்டு நிறைவை ஒட்டி, 2007 டிசம்பரில் ஐ.நா. பொதுச்சபை 2009ஆம் ஆண்டை சர்வதேச வானியல் ஆண்டாக அறிவித்தது. தீர்மானத்தைக் கொண்டுவந்த நாடு இத்தாலி. சர்வதேச வானியல் ஒன்றியமும் யுனெஸ்கோவும் முன்னின்று நடத்திய அந்த ஆண்டில் 148 நாடுகள் பங்கேற்றன. அதன் அடித்தளத் திட்டங்களில் ஒன்றுதான் கலிலியோஸ்கோப்.

அமெரிக்காவில் மூன்று பேர் இதற்குத் தோள் கொடுத்தார்கள். அரிசோனாவின் டூசான் நகரில் உள்ள தேசிய ஒளியியல் வானியல் ஆய்வகத்தில் கல்விப் பணியைக் கவனித்துவந்த ஸ்டீபன் பொம்பியா, ‘ஸ்கை அண்ட் டெலஸ்கோப்’ இதழின் ஆசிரியராக இருந்த ரிக் ஃபைன்பர்க், விஸ்கான்சின் மாநிலத்துக் கார்த்தேஜ் கல்லூரியின் இயற்பியல் பேராசிரியர் டக்ளஸ் ஏரியன். பொம்பியாவின் பங்கை இங்கே தனியாகக் குறிப்பிட வேண்டும். மாணவர்களுக்கு ஒளியியலைக் கைகளால் தொட்டுக் கற்றுத்தரும் பாடத்திட்டங்களில் அவருக்கு ஏற்கெனவே நல்ல அனுபவம் இருந்தது. கலிலியோஸ்கோப் வானம் பார்க்கும் கருவியாக மட்டும் நின்றுவிடாமல் வகுப்பறைக் கருவியாகவும் அமைந்ததற்கு அந்த அனுபவமே காரணம் என்று நான் கருதுகிறேன்.

அவர்கள் வைத்துக்கொண்ட இலக்கு மிகப் பெரியது: லட்சக்கணக்கில் அல்ல, பத்து லட்சக்கணக்கில் மக்கள் கையில் கருவி சேர வேண்டும். மலிவாக இருக்க வேண்டும், அதே நேரத்தில் கலிலியோ பார்த்தவற்றை எல்லாம் காட்டும் அளவுக்கு நல்லதாகவும் இருக்க வேண்டும். நிலவின் பள்ளங்கள், வியாழனின் நான்கு பெரிய நிலவுகள், வெள்ளியின் பிறைகள், பால்வீதியில் தனித்தனியாகத் தெரியும் விண்மீன்கள் ஆகியவை அந்தப் பட்டியலில் இருந்தன. வளையம் என்று அறியாமலே கலிலியோ பார்த்த சனியின் வளையமும் இருந்தது. அதைப் பற்றிப் பிறகு வருகிறேன்.

பெட்டிக்குள் என்ன இருந்தது

கடைகளில் குறைந்த விலைக்குக் கிடைக்கும் பொம்மைத் தொலைநோக்கிகளை வாங்கி ஏமாந்தவர்கள் நம்மில் ஏராளம். அட்டைப்பெட்டியில் 600 மடங்கு பெருக்கும் என்று அச்சிட்டிருப்பார்கள். உள்ளே ஒற்றை வில்லை, அதன் பின்னால் வட்டமாக அடைக்கும் ஒரு தடுப்பு, ஆடிக்கொண்டே இருக்கும் கால். நிலவைச் சுற்றி ஊதாவும் சிவப்புமாக நிற விளிம்பு தெரியும். அதைப் பார்க்கும் குழந்தை, வானியல் என்பது இவ்வளவுதான் போலிருக்கிறது என்று முடிவு செய்துகொண்டு போய்விடும். மலிவுக் கருவிகளைக் கொடையாகத் தருகிறவர்கள் இந்தச் சேதத்தைக் கட்டாயம் எண்ணிப் பார்க்க வேண்டும். மோசமான தொலைநோக்கி, தொலைநோக்கியே இல்லாததைவிடக் கெடுதல் செய்யும்.

கலிலியோஸ்கோப்பை வடிவமைத்தவர்கள் இதை நன்றாக அறிந்திருந்தார்கள். முன்பக்கத்தில் 50 மில்லிமீட்டர் விட்டமுள்ள கண்ணாடிப் பொருளருகு வில்லை. நிற விளிம்பை உண்டாக்கும் நிறப்பிறழ்ச்சியைக் குறைக்க இருவகைக் கண்ணாடிகளால் ஆனது. அதன் குவியத் தொலைவு, அதாவது வில்லையிலிருந்து தூரப் பொருளின் பிம்பம் விழும் இடம் வரையான தூரம், 500 மில்லிமீட்டர். கண்ணருகு வில்லைத் தொகுதியின் குவியத் தொலைவு 20 மில்லிமீட்டர். 500ஐ 20ஆல் வகுத்தால் 25 மடங்கு உருப்பெருக்கம். கூடவே உருப்பெருக்கத்தை இரட்டிப்பாக்கும் பார்லோ வில்லை ஒன்றும் இருந்தது. அதைச் சேர்த்தால் 50 மடங்கு. கண்ணருகு வில்லைகளைப் பிளாஸ்டிக்கில் செய்து செலவைக் குறைத்தவர்கள், பொருளருகு வில்லையில் மட்டும் சிக்கனம் பார்க்கவில்லை. எதில் விட்டுக்கொடுக்கலாம், எதில் கூடாது என்று தெரிந்தவர்களின் முடிவு அது.

இருளில் நன்றாக விரிந்த மனிதக் கண்பாவையின் விட்டம் 7 மில்லிமீட்டர் அளவு. 50 மில்லிமீட்டர் வில்லை அதைப்போல ஏறக்குறைய 50 மடங்கு ஒளியைத் திரட்டும். கலிலியோவிடம் இருந்து இன்றுவரை எஞ்சியிருக்கும் கருவிகளில் வில்லையின் ஓரங்களை மூடி நடுப்பகுதியை மட்டுமே பயன்படுத்தும்படி அமைத்திருக்கிறார்கள். ஓரங்கள் சரியாகத் தீட்டப்படாததுதான் காரணம். அவருடைய கருவியின் பார்வைப் புலம், அதாவது ஒரே நேரத்தில் தெரியும் வானப் பரப்பு, முழு நிலவைக்கூடக் காட்டாது. கலிலியோஸ்கோப்பின் 25 மடங்குப் பார்வைப் புலமோ ஒன்றரைப் பாகை, அதாவது நிலவைப் போல் மூன்று மடங்கு அகலம். 15 டாலர் கொடுத்து வாங்கிய ஒரு பள்ளிப்பிள்ளை, கலிலியோவைவிடத் தெளிவாக வியாழனைப் பார்க்க முடிந்தது.

எனக்கு மிகவும் பிடித்த அம்சம் வேறு. பார்லோவுக்கான வில்லைகளை வேறு விதமாகப் பொருத்தினால் அவை கலிலியோ பயன்படுத்தியதைப் போன்ற குழி வில்லைக் கண்ணருகாக மாறிவிடும். உருப்பெருக்கம் 17 மடங்கு. பிம்பம் நேராகத் தெரியும், ஆனால் பார்வைப் புலம் மிகச் சிறியது. பொருளைத் தேடிப் பிடிப்பதற்குள் பொறுமை போய்விடும். பிறகு குவி வில்லைக் கண்ணருகை மாட்டினால் பிம்பம் தலைகீழாகிறது, புலமோ அகன்று விரிகிறது. குவி வில்லையைக் கண்ணருகாக வைக்கலாம் என்று 1611இல் விளக்கி எழுதியவர் ஜெர்மானிய வானியலாளர் கெப்ளர். கலிலியோவின் வடிவத்தைக் கைவிட்டு வானியலாளர்கள் ஏன் கெப்ளரின் வடிவத்துக்கு மாறினார்கள் என்பதைப் பதினைந்து நிமிடத்தில் ஒரு பிள்ளை தன் கண்ணாலேயே அறிந்துகொள்கிறது. புத்தகத்தில் இரண்டு கதிர்ப்படங்களைப் பக்கத்தில் பக்கத்தில் வரைந்து காட்டினால் இந்தப் புரிதல் வராது.

குழாய் இரண்டு பாதிகளாக வரும். வில்லைகளை அவற்றின் பள்ளங்களில் வைத்து, பாதிகளைச் சேர்த்து, வளையங்களால் இறுக்கிவிட வேண்டும். பசை வேண்டாம், திருகாணி வேண்டாம், கருவிகள் வேண்டாம். பிரித்துவிட்டு அடுத்த வகுப்பு மறுபடியும் பூட்டலாம். இது சிறிய விஷயம் போலத் தோன்றும். ஆனால் கொடையாகப் பெறும் பள்ளிக்கு இதைவிட முக்கியமான வசதி இல்லை. ஒருமுறை பூட்டியதும் முடிந்துபோகும் கருவியில், பூட்டிய நான்கு பிள்ளைகளுக்கு மட்டுமே கல்வி. திரும்பத் திரும்பப் பிரித்துப் பூட்டக்கூடிய கருவியில் ஒவ்வோர் ஆண்டும் புதிய வகுப்புக்குக் கல்வி.

பூட்டுவதற்கு முன்பே பாடம் தொடங்கிவிடுகிறது. பொருளருகு வில்லையைக் கையில் பிடித்து, சன்னலுக்கு வெளியே தெரியும் மரத்தை ஒரு வெள்ளைத் தாளில் விழச் செய்யலாம். வில்லைக்கும் தாளுக்கும் உள்ள தூரத்தை அளவுகோலால் அளந்தால் அரை மீட்டர் வரும். குவியத் தொலைவு என்பது சூத்திரத்தில் வரும் எழுத்தாக இல்லாமல், அளக்கக்கூடிய நீளமாக மாறுவது அந்தக் கணத்தில்தான். நம் பத்தாம் வகுப்பு அறிவியலில் ஒளியியல் படிக்கும் பிள்ளைகளில் எத்தனை பேருக்கு இந்த வாய்ப்புக் கிடைக்கிறது?

விலை, தாமதம், தூரம்

2009 தொடக்கத்தில் அறிவித்த விலை ஒன்றுக்கு 15 டாலர். நூறும் அதற்கு மேலும் வாங்கினால் 12.50 டாலர். அனுப்பும் செலவு தனி. வாங்குகிறவர்கள் தங்களுக்கு ஒன்று எடுத்துக்கொள்ளும்போதே, வசதியற்ற பள்ளிகளுக்காக இன்னும் சிலவற்றுக்குப் பணம் செலுத்தும் வழியும் இருந்தது. கொடையைத் தனி விழாவாக்காமல் வாங்கும் செயலோடு சேர்த்துவைத்த இந்த ஏற்பாடு பாராட்டத்தக்கது.

ஆனால் காலம் ஒத்துழைக்கவில்லை. 2008இன் நிதி நெருக்கடி எல்லா நிறுவனங்களையும் உலுக்கியிருந்த நேரம் அது. இத்தகைய முயற்சிக்குப் பெரிய புரவலர்களைத் தேடுவதற்கு அதைவிட மோசமான தருணம் இருந்திருக்க முடியாது. உற்பத்தி எதிர்பார்த்த வேகத்தில் நடக்கவில்லை. 2009 ஏப்ரல் 2 முதல் 5 வரை உலகெங்கும் ‘வானியலின் நூறு மணி நேரம்’ நிகழ்ச்சிகள் நடந்தபோது, முன்பதிவு செய்த மிகப் பலரின் கைக்குப் பெட்டி வந்து சேரவில்லை. ஆண்டின் நடுப்பகுதிக்குப் பிறகே விநியோகம் சூடுபிடித்தது. அந்த ஆண்டு முடிவதற்குள் ஒரு லட்சத்துக்கும் அதிகமான கருவிகள் தொண்ணூறுக்கும் மேற்பட்ட நாடுகளுக்குப் போயின. பிந்தைய ஆண்டுகளில் மொத்த எண்ணிக்கை இரண்டு லட்சத்தைத் தாண்டியது. முதலில் கனவு கண்ட பத்து லட்சங்களோடு ஒப்பிட்டால் குறைவுதான். அதைத் தோல்வி என்று நான் சொல்ல மாட்டேன். இரண்டு லட்சம் நல்ல வில்லைகள் பிள்ளைகள் வாழும் ஊர்களுக்குப் போயிருக்கின்றன.

தூரம் இன்னொரு தடை. 15 டாலர் பொருளை ஒற்றையாகக் கடல் கடந்து அனுப்பினால் அஞ்சல் கட்டணமும் சுங்கமும் பொருளின் விலையை எட்டிப் பிடித்துவிடும். வசதி குறைந்த நாட்டின் பள்ளிக்குத்தான் இந்தச் சுமை அதிகம். நூற்றுக்கணக்கில் ஒன்றாக வரவழைத்து உள்ளூரில் பங்கிட ஓர் அமைப்பு இருந்தால்தான் குறைந்த விலை உண்மையிலேயே குறைந்த விலையாக நிற்கும். வெளிநாட்டிலிருந்து கொடை அனுப்ப நினைப்பவர்கள் பெறுபவரிடம் முதலில் கேட்க வேண்டியது, உங்கள் நாட்டில் இதற்கு வரி விலக்கு உண்டா, துறைமுகத்திலிருந்து இதை யார் எடுத்து வருவார்கள் என்பதுதான்.

அமெரிக்காவுக்குள் இந்தச் சிக்கல் இல்லை. அங்கே ஆசிரியர்களுக்குக் கருவி வழங்குவதற்கென்றே ஒரு கொடைத் திட்டம் தொடங்கினார்கள். நிதி ஆலோசகர் ரிக் எடெல்மனும் அவர் மனைவி ஜீனும் அதற்கு 2,50,000 டாலர் வழங்கினார்கள். அந்தத் தொகை 15,000 கருவிகளுக்கானது. கருவி ஒன்றுக்கு ஏறக்குறைய 17 டாலர் வருகிறது. தனி மனிதர்களின் கொடையாக இது பெருமனம்தான். இதில் கவனிக்க வேண்டியது, கருவிகள் ஆசிரியர் பெயருக்குப் போனதுதான். பள்ளியின் பெயருக்கு அனுப்பிய பொருள் இருப்புப் பதிவேட்டில் ஏறி அலமாரிக்குள் போய்விடும். சாவி யாரிடம் என்பதே பிறகு பெரிய கேள்வியாகிவிடும். ஆசிரியர் பெயருக்கு வந்த பொருள் அவர் கையில் இருக்கும்.

1610இல் நடந்த இரண்டு சோதனைகள்

தொலைநோக்கியை அன்பளிப்பாகக் கொடுக்கும் வழக்கம் கலிலியோவிடமே இருந்தது. 1610 மார்ச்சில் தம் கண்டுபிடிப்புகளைச் சிறு நூலாக வெளியிட்டதும், அதைப் படித்துவிட்டு யாரும் நம்பப் போவதில்லை என்று அவருக்குத் தெரிந்துவிட்டது. கண்ணால் பார்த்தால்தான் நம்புவார்கள். ஆகவே இளவரசர்களுக்கும் கர்தினால்களுக்கும் தம் கையால் செய்த கருவிகளை அனுப்பத் திட்டமிட்டார். செய்தவற்றுள் வெகு சிலவே வியாழனின் நிலவுகளைக் காட்டும் தரத்தில் இருந்தன.

அந்த ஆண்டு ஏப்ரல் இறுதியில் அவர் பொலோன்யா நகரில் கணிதப் பேராசிரியர் மஜினியின் வீட்டில் தங்கினார். அறிஞர்கள் பலர் கூடினார்கள். கலிலியோவே உடன் இருந்தார், அவருடைய நல்ல கருவியே முன்னால் இருந்தது. பார்த்தவர்களில் பலர் வியாழனின் நிலவுகள் தங்களுக்குத் தெரியவில்லை என்றார்கள். மஜினியிடம் பணியாற்றிய மார்ட்டின் ஹோர்க்கி என்ற இளைஞர், இந்தக் கருவி பூமியில் உள்ளவற்றை நன்றாகக் காட்டுகிறது, வானத்தில் ஏமாற்றுகிறது என்று கெப்ளருக்கு எழுதினார். அவர்களை மூடர்கள் என்று ஒதுக்குவது நியாயம் இல்லை. குறுகிய புலம், ஆடும் கருவி, எங்கே கண்ணை வைப்பது என்று தெரியாத பழக்கமின்மை, எதைப் பார்க்கப் போகிறோம் என்ற தெளிவின்மை. இவ்வளவும் சேர்ந்தால் இன்றும் ஒன்றும் தெரியாது.

இரண்டாவது சோதனை பிராகில் நடந்தது. கெப்ளரிடம் நல்ல தொலைநோக்கி இல்லை. கலிலியோ அவருக்கு ஒன்றும் அனுப்பவில்லை. கொலோன் நகரின் ஆட்சியாளருக்கு அனுப்பிய கருவி ஆகஸ்ட் இறுதியில் சில நாட்கள் கெப்ளரின் கைக்குக் கடனாக வந்தது. அவர் செய்த ஏற்பாடுதான் என்னை வியக்கவைக்கிறது. பார்க்கிறவர்கள் ஒவ்வொருவரும் தாம் கண்டதைச் சுண்ணக்கட்டியால் தனியாக வரைய வேண்டும். மற்றவர் வரைந்ததைப் பார்க்கக் கூடாது. எல்லாரும் முடித்த பிறகு படங்களை ஒப்பிட வேண்டும். படங்கள் ஒத்துப்போயின, வியாழனின் நிலவுகள் உறுதியாயின.

இரண்டு இடங்களிலும் இருந்தது ஒரே மனிதர் செய்த கருவிகள்தான். வேறுபட்டது பார்க்கும் முறை. தொலைநோக்கிக் கொடையைத் திட்டமிடும் எவரும் இந்த இரண்டு நிகழ்வுகளையும் மனத்தில் வைக்க வேண்டும். கெப்ளரின் முறையை இன்றைக்கும் ஒரு வகுப்பறையில் அப்படியே செய்யலாம். நாற்பது பிள்ளைகளுக்கு நாற்பது தாள், ஒவ்வொன்றிலும் ஒரு வட்டம். பார்த்ததை மட்டும் வரை, பக்கத்துப் பிள்ளையின் தாளைப் பார்க்காதே. மறுநாளும் அதே. நான்காம் நாள் தாள்களைத் தரையில் வரிசையாக அடுக்கினால், வியாழனைச் சுற்றி நிலவுகள் இடம் மாறுவது யாரும் சொல்லித்தராமலே தெரிந்துவிடும்.

அரிசோனா

சர்வதேச வானியல் ஆண்டில் கலிலியோவின் பெயரால் ஆசிரியர் பயிற்சித் திட்டம் ஒன்றும் இருந்தது. அதுவும் அடித்தளத் திட்டங்களில் ஒன்றே. கருவிக்கு ஒரு திட்டம், ஆசிரியருக்கு வேறொரு திட்டம். நிர்வாகத்துக்கு வசதியான இந்தப் பிரிவினையில் எனக்கு உடன்பாடு இல்லை. இரண்டும் ஒரே ஊரில் ஒரே ஆசிரியரிடம் சந்தித்தால் நல்லது நடக்கும். சந்திக்காத இடங்களில், பயிற்சி பெற்றவரிடம் கருவி இல்லை, கருவி உள்ளவரிடம் பயிற்சி இல்லை.

இரண்டையும் ஒன்றாகச் சேர்த்தது பொம்பியாவின் குழு. அரிசோனாவின் யூமா, சாஃபர்ட், ஃபிளாக்ஸ்டாஃப் முதலிய ஊர்களில் அவர்கள் செய்தது இதுதான். முதலில் அந்த ஊரின் தொடக்கப் பள்ளி ஆசிரியர்களை அழைத்துப் பயிற்சி. அங்கே ஆசிரியர்களே வில்லைகளைக் கையாண்டு, கருவியைப் பூட்டி, இலக்கை நோக்கிக் குறிவைத்துப் பழகினார்கள். பிறகு வகுப்பறைக்குத் தேவையான எண்ணிக்கையில் பெட்டிகள், அவற்றோடு முக்காலிகள். மாணவர்கள் சிறு குழுக்களாகப் பூட்டினார்கள். இறுதியில் ஊர் கூடும் ஒரு வானம் பார்க்கும் இரவு. பிள்ளைகள் தாங்கள் பூட்டிய கருவியோடு வந்து, பெற்றோருக்கும் தாத்தா பாட்டிக்கும் காட்டினார்கள்.

அந்தக் கடைசிப் படியைக் கொண்டாட்டம் என்று மட்டும் எண்ணிவிடக் கூடாது. நாள் குறித்துவிட்டால் ஆசிரியர் அதற்கு முன்பு பெட்டியைத் திறந்தே ஆக வேண்டும். பிள்ளை அம்மாவுக்கு வியாழனைக் காட்ட வேண்டுமென்றால் அதற்கு முன்பே அதைத் தானாகக் கண்டுபிடிக்கத் தெரிந்திருக்க வேண்டும். கெடு ஒன்று இருப்பதால் எல்லாம் நகர்கிறது. கற்றுக்கொள்பவர் என்ற இடத்திலிருந்து கற்றுத்தருபவர் என்ற இடத்துக்குப் பதினோரு வயதுப் பிள்ளை நகர்கிறது. நான் படித்தறிந்த தொலைநோக்கிக் கொடை முயற்சிகளில் இந்த ஏற்பாட்டையே முதலிடத்தில் வைப்பேன்.

முக்காலி

பெட்டிக்குள் முக்காலி இல்லை. குழாயின் அடியில், படக்கருவிகளின் முக்காலியில் பொருந்தும் அளவில் ஒரு திருகு மரை மட்டும் பதித்திருந்தார்கள். வீட்டில் முக்காலி வைத்திருப்பவருக்கு இது போதும். நல்ல முக்காலியின் விலை தொலைநோக்கியின் விலையைவிட அதிகம் என்பதால், பெட்டிக்குள் அதைச் சேர்த்திருந்தால் மலிவு என்ற நோக்கமே அடிபட்டிருக்கும். அந்த முடிவின் நியாயம் எனக்குப் புரிகிறது. ஆனால் கொடையாகப் பெறும் கிராமத்துப் பள்ளியில் முக்காலிக்கு எங்கே போவார்கள்?

கணக்கைப் பாருங்கள். பூமி சுழல்வதால் வானம் மணிக்கு 15 பாகை நகர்கிறது, அதாவது நிமிடத்துக்குக் கால் பாகை. 50 மடங்கில் பார்வைப் புலம் முக்கால் பாகை. வான நடுக்கோட்டுக்கு அருகில் உள்ள ஒரு கோள் அந்தப் புலத்தை மூன்று நிமிடத்தில் கடந்துவிடும். நாற்பது பிள்ளைகள் வரிசையில் நிற்க, ஆளுக்கு ஒரு நிமிடம் என்றாலும், மூன்று பேருக்கு ஒருமுறை கருவியைத் திருப்ப வேண்டும். கையில் பிடித்துக்கொண்டோ சுவர்மேல் சாய்த்துக்கொண்டோ இதைச் செய்ய முடியாது. 25 மடங்கில் வியாழனே கை நடுக்கத்தில் கோடாக இழுபடும். முதல் பத்துப் பேருக்குப் பிறகு பின்னால் நிற்கும் பிள்ளைகள் கலைந்து போய்விடுவார்கள். பத்துப் பள்ளிகளுக்கு வெறும் குழாய் கொடுப்பதா, ஐந்து பள்ளிகளுக்கு முக்காலியோடு கொடுப்பதா என்று என்னைக் கேட்டால், தயங்காமல் ஐந்து என்பேன். உள்ளூர்த் தச்சர் செய்துதரும் கனமான மரக்கால் போதும். அது பார்ப்பதற்கு அழகாக இல்லாவிட்டாலும் அசையாமல் நிற்கும்.

அதே காரணத்தால் ஒரு பள்ளிக்கு ஒரு பெரிய தொலைநோக்கி கொடுப்பதைவிட, நான்கைந்து பிள்ளைகளுக்கு ஒன்று என்ற கணக்கில் எட்டோ பத்தோ சிறிய கருவிகள் கொடுப்பது நல்லது. பெரிய கருவியைத் தலைமையாசிரியர் யாரையும் தொட விடமாட்டார். அவரைக் குறை சொல்லவும் முடியாது.

சனி காட்டாத ஆண்டு

இன்னொரு தடையை யாராலும் தவிர்த்திருக்க முடியாது. தொலைநோக்கியில் பார்ப்பவரை முதல் பார்வையிலேயே கவர்ந்துவிடுவது சனியின் வளையம். 50 மடங்கில் அது, வெறும் கண்ணுக்கு நிலவு தெரியும் அளவு அகலத்துக்குத் தெரியும். ஆனால் ஏறக்குறைய பதினைந்து ஆண்டுகளுக்கு ஒருமுறை அந்த வளையம் தன் விளிம்பை நமக்குக் காட்டி மெல்லிய கோடாகிவிடும். 2009 அப்படிப்பட்ட ஆண்டு. கலிலியோவின் பெயரைத் தாங்கிய கருவி உலகமெங்கும் போன அதே ஆண்டில், செப்டம்பர் தொடக்கத்தில் பூமி அந்த வளையத் தளத்தைக் கடந்தது.

விவரம் அறிந்த ஆசிரியருக்கு இதுவும் ஒரு பாடமாக அமைந்திருக்கும். கலிலியோவே 1610இல் சனியின் இருபுறமும் துணைகளைக் கண்டு, 1612இல் அவை மறைந்துபோனதைப் பார்த்துத் திகைத்தவர். சனி தன் பிள்ளைகளை விழுங்கிவிட்டானா என்று எழுதினார். விவரம் அறியாதவருக்கோ, படத்தில் இருக்கிற வளையம் இந்தக் கருவியில் தெரியவில்லை, கருவி சரியில்லை என்ற முடிவுதான் மிஞ்சும். பெட்டியோடு அந்த ஆண்டின் வானத்தைப் பற்றிய இரண்டு பக்கம் போக வேண்டியதன் காரணம் இதுதான். அச்சிட்ட பொதுவான கையேடு போதாது.

அந்த ஆண்டு வியாழன் கைவிடவில்லை. ஆகஸ்டில் எதிரமைவுக்கு, அதாவது வானில் சூரியனுக்கு நேர் எதிரே, வந்து, அக்டோபர் 22 முதல் 24 வரை நடந்த ‘கலிலியோ இரவுகள்’ நிகழ்ச்சிகளின்போது மாலை வானில் நன்றாக நின்றது. வளர்பிறையும் கூடவே இருந்தது. பிறை நிலவில் நிழல்கள் நீளும், பள்ளங்கள் துலங்கும். முழு நிலவில் அவை தட்டையாகிவிடும். பௌர்ணமியன்று தொலைநோக்கி விழா வைப்பவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

கொடுக்க நினைப்பவர்களுக்கு

கலிலியோஸ்கோப் கிடைக்காவிட்டாலும் அதே தன்மை கொண்ட பாகப் பெட்டிகளை இன்றும் தேடி வாங்கலாம். சோதித்துப் பார்க்க வேண்டியவை மூன்று: பொருளருகு வில்லை நிறப்பிறழ்ச்சி நீக்கியதா, கண்ணருகு வில்லை 1.25 அங்குலம் என்ற பொது அளவில் மாற்றக்கூடியதா, பிரித்துப் பூட்ட முடிகிறதா. கலிலியோஸ்கோப்பின் பின்முனை அந்தப் பொது அளவில் இருந்ததால், கண்ணருகு வில்லை தொலைந்துபோன பள்ளி வேறொன்றை வாங்கி மாட்டிக்கொள்ள முடிந்தது. சிறிய பொருள்தான் முதலில் தொலையும்.

சூரியன் விஷயத்தில் தயவு தாட்சண்யம் கூடாது. 50 மில்லிமீட்டர் வில்லை குவிக்கும் வெயில் கண்ணை நிரந்தரமாகக் கெடுத்துவிடும், அதுவும் வலி தெரியாமல். பிளாஸ்டிக் கண்ணருகு வில்லைகள் உள்ள கருவியால் சூரியப் பிம்பத்தைத் தாளில் விழச் செய்வதும் வேண்டாம். வில்லை வெப்பத்தில் உருகிவிடக்கூடும். இந்த எச்சரிக்கை தமிழில், கருவியின் குழாய் மேலேயே, அழியாத எழுத்தில் ஒட்டப்பட வேண்டும். கையேட்டில் இருந்தால் போதாது, கையேடு முதல் மாதத்திலேயே காணாமல் போகும்.

கடலோர ஊர்களில் ஈரக்காற்றால் வில்லையில் பூஞ்சை படரும். காற்றுப் புகாத டப்பாவும் ஈரம் உறிஞ்சும் சிலிக்கா பொட்டலமும் கொடையின் பகுதியாக இருக்க வேண்டும். ஆசிரியர் இடம் மாறிப் போனால் அடுத்தவருக்கு யார் சொல்லித்தருவார்கள் என்பதற்கும் வழி வேண்டும். ஒரு பள்ளிக்கு ஒருவர் என்று நில்லாமல் இருவரைப் பயிற்றுவித்தால் அந்தக் கவலை பாதியாகும்.

வழங்கும் மாதத்தையும் வானத்தைப் பார்த்தே தீர்மானிக்க வேண்டும். தமிழ்நாட்டில் அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழையின் மேகம். ஜனவரி முதல் ஏப்ரல் வரை வானம் பெரும்பாலும் தெளிவு. வியாழன் 2027இல் பிப்ரவரியிலும் 2028இல் மார்ச்சிலும் எதிரமைவுக்கு வருகிறது. இரண்டுமே நமக்கு வசதியான மாதங்கள். 2025 மார்ச்சில் மீண்டும் மெலிந்த சனியின் வளையமும் இப்போது விரியத் தொடங்கிவிட்டது. 2032 வாக்கில் முழு அகலத்தை எட்டும். ஆகவே ஆசிரியர் பயிற்சியை நவம்பர் மழை நாட்களில் அறைக்குள் வைத்து முடித்துவிட்டு, பெட்டிகளை ஜனவரியில் வளர்பிறை தொடங்கும் வாரத்தில் பிள்ளைகளின் கையில் கொடுக்கலாம். ஊர் கூடும் இரவைப் பிப்ரவரிக்கு வைத்துக்கொள்ளலாம்.